மேஸ்திரி வீட்டு ஆப்பிள் கிரிஸ்ப்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்தான், மேஸ்திரி. கூட வேலை செய்கிறவர்கள், வேலை கொடுக்கிறவர்கள், மணல் லாரிக்காரர், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. கல்யாணம் ஆன பிறகும் அக்காவே பழைய பழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் ஒருத்திதான் முறைக்கு அத்தான் என்பேன், அதுவும் அவரைக் கிண்டல் செய்யாத நேரத்தில்.

சுவர் பூசுவது அவர் தொழில். செங்கல் அடுக்கிக் கட்டுவது வேறு ஆள். கட்டி முடித்த கரடுமுரடான சுவரில் கலவையை வீசி, பலகையால் இழைத்து, கரணையால் தடவித் தடவி, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கிவிட்டு வருவது இவர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் வீட்டு மனிதர்களைப் பார்ப்பார். ஒருமுறை ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். மனுஷன் சாப்பாட்டைப் பார்த்த நேரத்தைவிடக் கூரையைப் பார்த்த நேரம்தான் அதிகம். "அந்த மூலையில யாரோ அவசரத்துல கை எடுத்திருக்காங்க" என்று சாப்பிட்டு முடிக்கிற வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டுக்குள் அவர் வந்ததும் சுவர் வழியாகத்தான். குளியலறைக் குழாய் கசிந்து கூடத்துச் சுவர் உப்பிப் போயிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வந்தார். பூசி முடித்து, "காயட்டும், வந்து பார்க்குறேன்" என்று போனார். வந்து பார்த்தார். மறுபடியும் வந்து பார்த்தார். சுவர் காய்ந்து, வர்ணம் அடித்து, காலண்டரும் மாட்டிய பிறகும் வந்து பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சுவரு எப்பவோ காஞ்சிடுச்சு மேஸ்திரி, நீங்கதான் இன்னும் ஈரமா இருக்கீங்க" என்றேன். அவர் காது வரை சிவந்தார். அக்கா டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடியவள், டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். முதல் கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி என்று வாழ்ந்தவர்கள். மகள் வளர்ந்து நாய், பூனை ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்த பிறகு, அக்காவும் மேஸ்திரியும் நாலு பேரைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தி. மகள் இன்னொருத்தி. பேனாவை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மைனா. தூக்கத்தில்கூட பேசுகிற பிள்ளை. நாய் கடித்ததையும் சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்வாள். ஆனால் மேஸ்திரி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் மட்டும் மொட்டைப் பேச்சு. சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் எதையும் சொல்லி அவரைக் கூப்பிட மாட்டாள். "சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்பாள். "கதவைச் சாத்தினா நல்லது" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாது. அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். சுவரோடு பேசுகிற பெண்ணும் சுவரைத் தடவுகிற மனுஷனும் ஒரே வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளைப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டி, அந்த மனுஷனை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"என்னன்னு கூப்பிடட்டும், நீயே சொல்லு சித்தி" என்றாள். "அப்பான்னு வரல. அங்கிள்னா அவருக்கே சிரிப்பு வரும். மேஸ்திரின்னா வேலைக்கு வந்தவரைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. என் வாயில வர்ற மாதிரி ஒண்ணு சொல்லு, இப்பவே கூப்பிடுறேன்."

ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க நூறு பேருக்குப் பதில் சொல்கிறவள் நான். அவளுக்கு மட்டும் கவுண்டரை மூடிவிட்டு டீ போடப் போனேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன், மைனா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தோழி ஒருத்தி அறை எடுத்திருக்கிறாளாம். அதில் ஒரு கட்டில் காலியாம். மாதம் பிறந்ததும் அங்கே போய்விடப் போகிறாளாம். "நடுராத்திரில அடிபட்ட நாயைக் கொண்டு வந்தா என்னைத்தான் கூப்பிடுறாங்க. பஸ் இருக்கிறதில்ல" என்றாள். அக்கா தட்டிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவினார். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினார்.

அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவர், நிறுத்தத்தில் நின்றுகொண்டு சொன்னார். "என்னால ஒரு புள்ள பொறந்த வீட்டை விட்டுப் போகுதுன்னா, நான் அங்க இருக்கிறது சரியாங்கம்மா?"

"அவ வேலைக்காகப் போறா அத்தான்."

"அப்படித்தான் இருக்கணும்னு நானும் நினைச்சுக்கிறேன். ஆனா போனா திரும்பி வரணும் இல்ல? ஒரு தடவை போய்ட்டு, அப்புறம் அம்மாவை மட்டும் வெளியில எங்கயாவது வரச் சொல்லிப் பார்த்துட்டுப் போற மாதிரி ஆயிடக் கூடாது."

ஊர்ச் சுவரையெல்லாம் பூசி மெழுகுகிறவருக்குப் பேச்சில் மட்டும் பூசி மெழுகத் தெரியாது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஓவனில் சுடுகிற ஆப்பிள் கிரிஸ்ப் கதை இதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது. எப்போதோ தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மைனா, அம்மாவிடம் அதைப் பற்றி மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். கீழே ஆப்பிள் குழைந்து, பட்டை வாசனையோடு, மேலே மொறுமொறுவென்று, கரண்டி போட்டால் சத்தம் கேட்கும் என்று. கூடத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி காதில் அது விழுந்திருக்கிறது. அவர் ஒரு டீச்சரம்மா வீட்டுச் சமையலறைக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். அந்த அம்மாவைக் கேட்டுச் செய்முறையை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் ஓவன் ஒன்று இருந்தது. அக்கா அதில் பழைய பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தாள். அதையெல்லாம் வெளியே எடுத்து, உள்ளே துடைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கூச்சம். சமையலில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீயும் முட்டையும்தான்.

கதவு சரியாகச் சாத்தாமல் கொஞ்சம் திறந்திருந்ததால் தொடக்கத்தை மட்டும் நான் பார்த்தேன். புளிப்பான பச்சை ஆப்பிளைத் தோல் சீவினார். தோல் அறுபடாமல் நாடாவாக இறங்கியது. துண்டுகள் எல்லாம் ஒரே கனம். எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டுப் புரட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பினார். அப்புறம் ஓட்ஸ், மைதா, பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அதில் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுபோட்டு விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துப் பிசிறினார். அந்த இடத்தில் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலவை என்றால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பதம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே வந்த பாத்திரத்தை நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மேல்பக்கம் தரை மாதிரி இருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, பளபளவென்று ஒரே மட்டம். அக்கா கரண்டியை வைத்தாள், வழுக்கியது. கத்தியை வைத்தாள், கத்திதான் வளைந்தது. கடைசியில் இடித்து உடைத்தபோது அடியில் ஆப்பிள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"எங்க டாக்டருக்கு ஆள் சேர்த்து விடுறீங்களா மேஸ்திரி?" என்றாள் அக்கா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

மைனா ஒரு துண்டை வெகுநேரம் மென்று முழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆப்பிள் நல்லா இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்கு மைனா மேல்தான் கோபம் வந்தது. நல்ல வார்த்தை சொன்னதற்குக் கோபமா என்று கேட்காதீர்கள். இன்னும் இரண்டு சொல்லியிருக்கலாமே என்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்தார். டீச்சரம்மாவிடம் மறுபடி கேட்டு, மைதாவைக் குறைத்து, வெண்ணெயைக் கூட்டி, சூட்டைக் கொஞ்சம் தணித்து. வந்தது அதே தரை. இந்த முறை ஓடு மாதிரி இன்னும் பளபளப்பு. குறை ஓவனில் என்று முடிவு கட்டினார். தொழிலுக்குக் கொண்டுபோகிற ரசமட்டத்தை எடுத்து ஓவன் தலைமேல் வைத்து, உள்ளே இருக்கிற குமிழி எங்கே நிற்கிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "பாத்தீங்களா, இடது பக்கம் இறங்கியிருக்கு!" என்று, ஏதோ திருடனைப் பிடித்த மாதிரி, ஒரு அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகினார். சுடுகிற பெட்டி சாய்ந்திருந்தால் பண்டம் கல்லாகுமா என்று நான் கேட்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

மூன்றாவது ஞாயிறு, மைனா கிளம்புவதற்கு முந்தின கடைசி ஞாயிறு. அவளுடைய பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. நான் சமையலறைக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து அக்காவோடு அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மைனா தண்ணீர் எடுக்க எழுந்தவள், கதவு சாத்தியிருப்பதைப் பார்க்காமலே தள்ளித் திறந்துவிட்டாள். திறந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் தோளுக்கு மேல் எட்டி நானும் பார்த்தேன்.

உதிரிக் கலவையை ஆப்பிள் மேல் அழகாகத் தூவி முடித்திருந்தார். அதோடு விட்டிருந்தால் கதையே வேறு. பெரிய கரண்டி ஒன்றின் முதுகைத் தண்ணீரில் நனைத்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, அரைவட்டம் அரைவட்டமாக அழுத்தித் தடவிக்கொண்டிருந்தார். சுவரைத் தடவுகிற அதே லாவகம். நாக்கு நுனி வேறு வெளியே எட்டிப் பார்த்தது.

"ஐயோ! என்ன பண்றீங்க?" என்று கத்தினாள் மைனா.

அவரைப் பார்த்து. நேராக முகத்தைப் பார்த்து.

மேஸ்திரி கரண்டியோடு அப்படியே நிமிர்ந்தார். "மட்டம் பண்றேன்மா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அப்படியே விட்டா வேலை பாதியில நின்ன மாதிரி இருக்காதா?"

"தூவணும்னுதானே அந்த டீச்சர் சொன்னாங்க?"

"தூவினேனே. தூவிட்டுத்தான் மட்டம் பண்றேன். அதையெல்லாம் தனியா சொல்லணுமா, நாமளே செய்ய வேண்டியதுதானே?"

மைனா சிரித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மடங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அக்கா மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மூணு வாரமா தடவியிருக்கீங்க! அது எப்படி மொறுமொறுன்னு வரும்?" மைனா அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். ஒரு முள்கரண்டியை எடுத்து, அவர் இழைத்து வைத்த பரப்பை எல்லாம் கிண்டிக் கிளறிவிட்டாள். மேஸ்திரி கை தன்னால் முன்னால் போயிற்று. "கையை எடுங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க." கட்டிக்கொண்டார். "அடியில ஆப்பிள் வேகும்போது ஆவி வெளிய போகணும். இடுக்கு இருந்தாதான் போகும்."

"சுவத்துல இடுக்கு விட்டா தண்ணி உள்ள வந்துடும்மா."

"இதுல தண்ணி வெளிய போகணும்."

"ஓகோ" என்றார் மேஸ்திரி. அவ்வளவு மரியாதையாக ஒரு ஓகோவை நான் கேட்டதில்லை.

பாத்திரம் உள்ளே போயிற்று. இரண்டு பேரும் ஓவன் கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டார்கள். நானும் அக்காவும் துணி மடிக்கிற சாக்கில் காதை அங்கேயே வைத்திருந்தோம். பட்டை வாசனை மெல்லக் கூடத்துக்கு வந்தது. அப்போதுதான் மேஸ்திரி, கண்ணாடியைப் பார்த்தபடியே, கேட்டுவிட்டார்.

"என்னாலதான் போறியாம்மா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைனா முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"ராத்திரி வேலைதான் பெரிய காரணம்" என்றாள். "ஆனா கொஞ்சம் அதுவும்தான். பொய் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"நீங்க எதுவும் தப்பா செய்யல. எனக்குத்தான் இந்த வீட்டுல எங்க நிக்கிறதுன்னு தெரியல."

"சரிம்மா. போ. ஆனா வராம இருந்துடாத."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடிக்குள் ஓரங்களில் சாறு கொப்பளித்து மேலே வந்தது.

அன்று வந்ததுதான் ஆப்பிள் கிரிஸ்ப். மேடும் பள்ளமுமாக, ஒரு இடத்தில் பொன்னிறம், ஒரு இடத்தில் கொஞ்சம் கருகல், இடுக்குகளில் பழச்சாறு பாகாகி ஒட்டிக்கொண்டு. கரண்டி போட்டதும் சத்தம் கேட்டது. மேஸ்திரி அதை வருத்தத்தோடு பார்த்தார். "பாக்கிறதுக்குப் பூசாத சுவரு மாதிரி இருக்கு" என்றார். ஒரு வாய் வைத்தார். இரண்டாம் முறை தட்டை நீட்டினார், மூன்றாம் முறையும் நீட்டினார். ஆனால் அந்த நாள் முழுக்க அத்தனை பேசியும் மைனா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை.

வாரத்தின் நடுவில் அவள் போனாள். பெட்டிகளை மேஸ்திரிதான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். புது அறையின் சுவரைத் தடவிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாராம். அவர் வாயால் பரவாயில்லை என்றால் அது பெரிய சான்றிதழ். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுறேன்" என்று அம்மாவுக்கு அவரிடமே சொல்லி அனுப்பினாள்.

அந்த ஞாயிறு நான் போனபோது வீடே அமைதியாக இருந்தது. ஆப்பிள் நறுக்கி எலுமிச்சை பிழிந்து பாத்திரத்தில் தயாராக இருந்தது. உதிரிக் கலவை தனிக் கிண்ணத்தில், வெண்ணெய் உருகாமல் இருக்க, குளிர்பெட்டியில் இருந்தது. ஓவன் சூடாகிக் காத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் வந்தது. மைனா வரவில்லை. அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை. சாப்பாடு ஆறிப்போய், பேருக்குச் சாப்பிட்டோம். ஆப்பிள் எலுமிச்சையையும் மீறி ஓரங்களில் கறுக்க ஆரம்பித்தது.

"நீங்களே தூவி உள்ள வச்சிடுங்க அத்தான். பழம் வீணாப் போகுது" என்றேன்.

"வேண்டாங்கம்மா. அது அவ போடுறது. நான் போட்டா கை சும்மா இருக்காது."

"வரலைன்னா?"

"வரலைன்னா வேலை இருக்கும்" என்றார். உள்ளங்கையால் மேசையைத் தடவினார். ஏற்கெனவே வழவழப்பாக இருந்த மேசையைத் திரும்பத் திரும்பத் தடவினார். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்துபோய் ஓவனை அணைக்கக் கையை வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நேரம் சூடா இருக்கட்டும்."

அப்போதுதான் கீழே வாசல் கதவு படாரென்று சாத்துகிற சத்தம். மாடிப்படியில் தடதடவென்று காலடி. பாதிப் படியிலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

"மேஸ்திரி! மேஸ்திரி, கை வச்சுட்டீங்களா?"

அப்பா என்று கூப்பிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் கூப்பிடவில்லை. எங்களுக்கெல்லாம் எப்போதும் வாயில் இருந்த பெயரை, அவள் வாயில் இத்தனை நாள் வராத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேர் கூப்பிட்டுக் கேட்ட பெயர்தான் அவருக்கு. ஆனாலும் நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"இல்லம்மா! தொடவே இல்ல!" என்று இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார், அவள் இன்னும் மாடி வாசலுக்கே வந்து சேராதபோது.

உள்ளே வந்தவள் சட்டையெல்லாம் நாய் முடி. கார் மோதின நாய்க்குக் கட்டுப்போட்டுவிட்டு நேரே வருகிறாளாம், போனில் சார்ஜ் இல்லையாம். நான் வரிசைப்படுத்தி வைத்த நாலு கேள்வியும் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

மைனா கையைக் கழுவிக்கொண்டு வந்து கிண்ணத்தை எடுத்தாள். மேஸ்திரி அவள் பக்கத்தில் போய், யாரும் சொல்லாமலே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தூவத் தூவப் பார்த்துக்கொண்டிருந்தவரால் கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அந்த மூலையில கொஞ்சம் பள்ளமா இருக்கும்மா."

"பேசாம இருங்க மேஸ்திரி."

"சரிம்மா" என்றார்.